கல்லூரிக்குப் போகும் மகளுக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: என் மகள் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஐடி பிரிவில் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறாள். மகளிர் குழுவில் கடன் வாங்கி 55,000 ரூபாய் வைத்திருக்கிறேன். டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரித்ததில் மூன்று லேப்டாப் சொன்னார்கள். ஏசுஸ் விவோபுக் கோ, ரைசன் 5 7520யு, 8 ஜிபி, விலை 38,000. எச்பி 15, ஐ5, 16 ஜிபி, விலை 49,500. ஏதோ கம்பெனியில் ஓடிய பழைய லெனோவோ திங்க்பேட் டி480, விலை 24,000. என் அண்ணன் மகனோ, "நகையை அடகு வைத்தாவது மேக்புக் வாங்குங்கள் அத்தை, மற்றதெல்லாம் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது" என்கிறான். என் அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப் இன்னமும் ஓடுகிறது. அதே கம்பெனியில் வாங்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எந்தக் கம்பெனி கெட்டுப்போகாமல் நான்கு வருஷம் உழைக்கும்?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி அருகே

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

குழுக் கடனில் வாங்குகிறீர்கள் என்பதால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எச்பியை எடுங்கள். மீதி 5,500 ரூபாயை வேறெதிலும் போடாமல் வாரண்டியை நீட்டிக்க வைத்துக்கொள்ளுங்கள். நகையில் கை வைக்க வேண்டாம். ஆனால் எச்பி என்ற பெயருக்காக நான் இதைச் சொல்லவில்லை. அதே விலையில், அதே வசதியோடு, அந்த இடத்தில் லெனோவோவோ டெல்லோ ஏசரோ இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். காரணம் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரர் வேறு மாடலை நீட்டும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

எந்தக் கம்பெனி கெட்டுப்போகாது என்று என் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். ஒரே மில்லிலிருந்து இட்லி அரிசியும் வருகிறது, சீரகச் சம்பாவும் வருகிறது. மில் பெயரை மட்டும் சொல்லி யாரும் அரிசி வாங்குவதில்லை. லேப்டாப்பிலும் ஒவ்வொரு கம்பெனியும் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வரிசை, அலுவலகங்களுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாகப் போடுகிறது. லெனோவோவில் ஐடியாபேட் வேறு, திங்க்பேட் வேறு. டெல்லில் இன்ஸ்பிரான் வேறு, லாட்டிட்யூட் வேறு. எச்பியில் எச்பி 15, பெவிலியன் எல்லாம் ஒரு பக்கம். புரோபுக், எலைட்புக் இன்னொரு பக்கம். உடம்பின் உறுதி, கழற்றி மாட்டும் வசதி, வாரண்டி எல்லாமே வரிசைக்கு வரிசை மாறும். ஒரு கம்பெனியின் மலிவு மாடலுக்கும் அதே கம்பெனியின் ஆபீஸ் மாடலுக்கும் இருக்கும் தூரம், இரண்டு கம்பெனிகளின் மலிவு மாடல்களுக்கு நடுவே இருப்பதைவிட அதிகம்.

உள்ளே திறந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கும் லேப்டாப்பைச் செய்து கொடுப்பவை தைவானின் குவான்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற நிறுவனங்கள்தான். வேலை நடக்கும்போது தேவையானதை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் (நீங்கள் 8 ஜிபி, 16 ஜிபி என்று எழுதியது இதைத்தான்) சாம்சங்கிலிருந்தோ ஹைனிக்ஸிலிருந்தோ மைக்ரானிலிருந்தோ வரும். மூடியில் வெவ்வேறு பெயர் இருக்கும் இரண்டு லேப்டாப்களுக்குள் ஒரே கம்பெனியின் டிஸ்பிளே இருப்பது சாதாரணம்.

கம்பெனிவாரியாக யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா என்றால், எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாரண்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் 30,000 லேப்டாப்களுக்கு மேல் வைத்து 2009-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பழுதாகிறது என்றது அது. தானாகக் கெட்டுப்போவதில் ஏசுஸும் தோஷிபாவும் 16 சதவீதத்துக்குக் கீழே நின்றன. பட்டியலின் கடைசிக் கம்பெனி சுமார் 25 சதவீதம். ஆக, முதல் கம்பெனிக்கும் கடைசிக் கம்பெனிக்கும் வித்தியாசம் நூற்றுக்குப் பத்து. கீழே விழுந்தும் தண்ணீர் பட்டும் கெட்டவை மட்டுமே தனியாக இன்னொரு பத்து! நல்ல கம்பெனியைத் தேடி எவ்வளவு அலைகிறோமோ, அவ்வளவு கவனம் அதைக் கையாள்வதிலும் வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தப் பட்டியலில் முன்னால் நின்ற தோஷிபா, தன் லேப்டாப் தொழிலின் பெரும்பங்கை 2018-ல் ஷார்ப்புக்கு விற்று, 2020-ல் முழுவதுமாக விலகிவிட்டது. அதே பட்டியலில் இருந்த சோனி 2014-லேயே தன் லேப்டாப் பிரிவான வையோவைக் கைமாற்றிவிட்டது. பழைய நற்பெயரை நம்பி வாங்கியவர்கள் பாகத்துக்குத் திண்டாட வேண்டியதாயிற்று. உங்கள் அக்கா மகனின் லேப்டாப்புக்கும் இதுதான் பதில். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவற்றில் சில இன்றைக்கும் என் மேஜைக்கு வருகின்றன. கொஞ்சம் தூசு தட்டினால் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் அது அந்த மாடலின் உழைப்பு, அதை வைத்திருந்த பையனின் பொறுப்பு. அதே கம்பெனி இன்றைக்கு விற்கும் மாடலுக்கு அது சாட்சி சொல்லாது.

சரி, உங்கள் மூன்று லேப்டாப்களுக்கு வருகிறேன்.

ஏசுஸ் மோசமான கம்பெனி இல்லை. ஆனால் அந்த மாடல் உங்கள் மகளின் படிப்புக்குப் போதாது. ரைசன் என்பது லேப்டாப்பின் மூளையான சிப்பின் பெயர். ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்கத்தில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். சிப்பின் உள் அமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்வது அதுதான். 7520-ல் அது 2. அதாவது ஜென் 2 என்ற, 2019-ல் வந்த அமைப்பு. அதில் நான்கு கோர்தான், அதாவது சிப்புக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதிகள் நான்குதான். பக்கத்திலேயே 7530யு என்று ஒன்று இருக்கும்; அது ஜென் 3, ஆறு கோர். பெட்டியின் மேல் இரண்டிலும் "ரைசன் 5" என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ரேம். 7520யு சிப்போடு வரும் ரேம் போர்டிலேயே பற்றவைத்த வகை. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். முதல் வருஷம் சி, பைத்தான் என்று போகும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருஷம் புராஜெக்ட் வரும். போன் ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை, திரையிலேயே ஒரு போலி போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அப்போது ரேம் போட்டுக்கொள்ளலாம் என்று என்னிடம் எடுத்து வந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. 38,000 கொடுத்து இரண்டரை வருஷத்தில் மாற்ற வேண்டியிருந்தால் அதுதான் மூன்றிலும் விலை அதிகமானது.

எச்பியை ஏன் சொன்னேன் என்றால், 16 ஜிபி கையிலேயே இருக்கிறது. அதோடு எச்பி 15 வரிசையின் பல மாடல்களில் ரேம் தனியாகச் செருகும் வகை. நீங்கள் பார்த்த மாடலிலும் அப்படித்தானா என்று கடையில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "ரேம் ஸ்லாட் இருக்கா, போர்டோட ஒட்டினதா?" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். அப்புறம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்க வேண்டும், டிஸ்பிளே ஐபிஎஸ் வகையாக (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத திரை) இருந்தால் நல்லது. இந்த வரிசை நிறைய விற்பதால் கீபோர்டு, பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். மதுரையில் இல்லாத பாகம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சலில் மறுநாள் காலையே வந்துவிடும். அதிகம் விற்காத, பார்க்க அழகான ஒரு மாடலுக்குக் கீபோர்டு ஒன்றுக்காகவே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தேர்வு நேரத்தில் அது எவ்வளவு பெரிய இடி என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகள் முகத்தில் பார்க்கிறேன்.

திங்க்பேட் டி480 பற்றிக் கேட்டால் என் மனசு கொஞ்சம் இளகும். திங்க்பேட் 1992-ல் ஐபிஎம் தொடங்கிய வரிசை. 2005-ல் ஐபிஎம்மின் கம்ப்யூட்டர் தொழிலோடு லெனோவோவுக்கு வந்தது. டி480 வந்தது 2018-ல். இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் ஸ்குரூ டிரைவரே இல்லாமல் கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. ரிப்பேர் பார்ப்பதை மனசில் வைத்துச் செய்த பெட்டி. உங்களிடம் 30,000 ரூபாய்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மகள் படித்து முடிக்கும்போது அதற்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். கம்பெனி வாரண்டி கிடையாது. விற்ற கடையின் வாய்வார்த்தைதான். 55,000 கையில் இருக்கும்போது அந்த ரிஸ்க் தேவையில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்கள் யாராவது பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். டி470-யும் டி480-யும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்னதில் இருப்பது ஏழாம் தலைமுறை வரைதான். ஐ5 என்ற பேச்சோடு விடாமல், 8250 அல்லது 8350 என்று எண் தெரிகிறதா என்று திரையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டோடு வரும் பெட்டி பெரிய தலைவலி.

உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் பாதி உண்மை. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்போடு கொண்டுவந்த மேக்புக் ஏர், பேட்டரி விஷயத்திலும் சூடாகாமல் இருப்பதிலும் மற்றவர்களை எல்லாம் ஓட வைத்தது. ஆனால் அதில் ரேமையோ ஸ்டோரேஜையோ பிறகு கூட்டவே முடியாது. டிஸ்பிளே போனால் வரும் செலவு உங்கள் குழுத் தவணைகள் பலவற்றுக்குச் சமம். கல்லூரி லேபில் விண்டோஸ் சாப்ட்வேர் வைத்துப் பாடம் நடந்தால் அங்கேயும் சங்கடம். வசதி இருப்பவர்கள் வாங்கட்டும், நல்ல பெட்டிதான். முதலாண்டுப் பிள்ளைக்காக நகையை அடகு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மற்றதெல்லாம் இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்பதும் உண்மையில்லை. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டிகள் ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவை எங்கே உடைகின்றன என்று தெரிந்தால் நீங்களே காப்பாற்றிவிடலாம். இந்த விலையில் வரும் லேப்டாப்களில் என் மேஜைக்கு அதிகம் வருவது ஹிஞ்ச் உடைந்த கேஸ். மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்க்கும் இரும்புக் கீல்தான் ஹிஞ்ச். மூடி நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அதை நல்ல இறுக்கமாகவே செய்திருப்பார்கள். இரும்பு உடையாது. அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூ போய் இறங்குவது மிளகு அளவுப் பித்தளை மரையில். அந்த மரை புதைந்திருப்பதோ வெறும் பிளாஸ்டிக்கில். மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கித் தூக்கித் திறந்தால் முறுக்கு முழுவதும் ஒரு பக்க மரைக்குப் போகும். ஒரு நாள் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு மரை வெளியே வந்துவிடும். முதலில் ஓரத்தில் நூலிழை இடைவெளி தெரியும், திறக்கும்போது கடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் சில நூறு ரூபாயில் சரி செய்துவிடலாம். இன்னும் பத்து நாள் ஓட்டலாம் என்று விட்டால் டிஸ்பிளே வயரும் அறுந்து, பேனலும் விரிந்து ஆயிரக்கணக்கில் போய்விடும்.

அதனால் கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியை மகளையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூடியின் நடுவில் பிடித்து மெதுவாகத் தூக்கும்போது கீபோர்டு பக்கம் சேர்ந்து எழும்புகிறதா, ஓரங்களில் பிளாஸ்டிக் நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் நடுவில் பிடித்தே திறக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஹாஸ்டல் அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்று இழுக்கும் துளைகள் அடைபடும். மெத்தைப் பஞ்சும் தூசும் ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட் சிங்குக்கும் நடுவே கம்பளி மாதிரித் திரண்டு நிற்பதை அடிக்கடி எடுத்துப் போடுகிறேன். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ அடியில் வைத்தால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யக் கொடுங்கள். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும். சூடும், எந்நேரமும் முழு சார்ஜில் கிடப்பதும் பேட்டரிக்கு ஆகாது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. ஹாஸ்டலில் அதைப் போட்டு வைக்கட்டும். எப்போதாவது டச்பேட் தானாக மேலே எழும்பினாலோ அடிப்பாகம் மேஜையில் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி உட்கார வைக்கக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. அணைத்துவிட்டு நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கரண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தேவைப்படும். லேப்டாப் சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். லோ வோல்டேஜுக்காகத் தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை; யாராவது தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் மட்டும் பிளக்கைக் கழற்றிவிட்டு, நின்ற பிறகு மாட்டட்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் குட்டி சாக்கெட் வேண்டவே வேண்டாம். எர்த் இல்லாத இடத்தில் சார்ஜ் போட்டால், உலோக உடம்பு உள்ள லேப்டாப்பில் கை வைக்கும்போது சுர்ரென்று ஒரு குறுகுறுப்பு தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம், எர்த்தில் இறங்க வழியில்லாமல் கைக்கு வருகிறது. பல பேர் லேப்டாப் கெட்டுவிட்டது என்று பதறி வருகிறார்கள். லேப்டாப்பில் கோளாறு இல்லை, வீட்டு வயரிங்கில்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள். மிக்ஸி, பிரிட்ஜ் தொடுகிற வீட்டில் அது லேப்டாப்பைவிட முக்கியமான வேலை.

இனி அந்த 5,500 ரூபாய். இந்த விலையில் வரும் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ வாரண்டிதான் தருகிறார்கள். ஒரு வருஷம் கழித்து மதர்போர்டு போனால் செலவு லேப்டாப் விலையில் பாதியைக்கூடத் தொடும். பேட்டரி மாற்றுவதெல்லாம் சுமார் 3,000 முதல் 5,000 ரூபாயில் முடிகிற வேலை. அதற்குப் பயப்பட வேண்டாம், போர்டுக்குத்தான் பயப்பட வேண்டும். அதனால் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டிக்கும் திட்டத்தைக் கேளுங்கள். விழுந்து உடைவதற்கும் தண்ணீர் கொட்டுவதற்கும் சேர்த்த பாதுகாப்பு தனி. ஹாஸ்டல் பிள்ளைக்கு முதல் வருஷமாவது அது இருந்தால் நல்லது. இரண்டுமே லேப்டாப் கம்பெனியின் சொந்தத் திட்டமாக இருக்க வேண்டும். கடை தன் பெயரில் கொடுக்கும் வாரண்டி அட்டையை நம்பி இந்தப் பணத்தைப் போடாதீர்கள். இரண்டுக்கும் பணம் காணாது என்றால் வாரண்டி நீட்டிப்பை முதலில் எடுங்கள்.

வீட்டுக்கே வந்து சரி செய்யும் ஆன்சைட் வாரண்டி என்று சொன்னால் உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி, அங்கே வருவார்களா என்று கம்பெனியின் இலவச எண்ணில் நேராகக் கேளுங்கள். கல்லூரி இருக்கும் இடத்தின் பின்கோடையும் கேளுங்கள். நான்கு வருஷமும் லேப்டாப் அங்கேதானே இருக்கப் போகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வகை என்றாலும் பரவாயில்லை, மகள் மதுரையிலேயே இருப்பதால் சமாளித்துவிடலாம்.

வாங்கும் நாளில் சீல் உடைக்காத பெட்டியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப் அடியில் இருப்பதும் பில்லில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட முறையான பில்தான் வாரண்டிக்கு ஆதாரம். பில் மகள் பெயரிலேயே இருக்கட்டும். கடையிலேயே போனில் கம்பெனி இணையதளத்தைத் திறந்து சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். பல மாதம் முன்பே தொடங்கியிருந்தால், பில் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பெட்டி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் பத்திரமாக வைத்துவிடாதீர்கள். காலேஜ் திறக்கும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே நன்றாக ஓட்டுங்கள். கேமரா, மைக், எல்லா யுஎஸ்பி துளைகளும், வைஃபை, கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தும் வேலை செய்கிறதா என்று மகள் உட்கார்ந்து பார்க்கட்டும். புதுப் பெட்டியில் பிறவிக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே தலைகாட்டும். அந்த நேரத்தில் சொன்னால்தான் மாற்றித் தரக் கேட்க முடியும். நாள் கடந்தால் ரிப்பேர் மட்டும்தான்.

பணம் கட்டுவதற்கு முன் சந்தேகம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "எச்பி 15" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பெயரில் ஏராளமான மாடல்கள் இருக்கின்றன. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் நம்பரையும், சிப்பின் முழு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ரேம் ஸ்லாட் இருக்கிறதா, பாகம் இங்கே கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.